முழு அளவு குடும்ப செடான்: வாங்குமுன் அளந்தும் ஓட்டியும் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் முழு அளவு செடான் என்று சொல்லப்படும் நீண்ட, அகன்ற குடும்பக் கார், ஷோரூமில் புதிதாகக் கிடைப்பது இன்று அரிதாகிவிட்டது. ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவின் உற்பத்தி 2011-இலும், ஃபோர்டு டாரஸ் 2019-இலும், செவ்ரோலே இம்பாலா 2020-இலும், டொயோட்டா அவலான் 2022-இலும், கிறைஸ்லர் 300 2023 டிசம்பரிலும் நிறுத்தப்பட்டன. குடும்பங்கள் எஸ்யூவியின் பக்கம் சாய்ந்ததே இதற்கு முதன்மைக் காரணம். ஆகவே இந்த வகையை இப்போது நாடுபவர் பெரும்பாலும் பயன்படுத்திய காரைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. நாடுவோர் குறைந்துவிட்டதால், அதே வயதும் அதே ஓட்டமும் கொண்ட எஸ்யூவியைக் காட்டிலும் விலை தணிந்து கிடைப்பது அவருக்கு ஆதாயம்தான். ஆனால் இம்பாலா நல்ல வண்டி, அவலான் நம்பகமான வண்டி என்ற பொதுப்பேச்சு, எதிரே நிற்கும் பத்து வயதுக் காரைப் பற்றி அதிகம் எதையும் சொல்லிவிடாது என்பதை அவர் மறந்துவிடக் கூடாது.

எனவே மதிப்பீட்டை இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. இந்த மாடல் நம் குடும்பத்துக்குப் பொருந்துமா என்பது ஒன்று. அந்த மாடலில் நமக்குக் காட்டப்படும் இந்த ஒரு வண்டி வாங்கத் தகுந்ததா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை காண அளவுநாடாவும் வீட்டாரும் போதும். இரண்டாவதற்குக் குளிர்ந்த எஞ்சினும் ஒரு நல்ல மெக்கானிக்கும் வேண்டும். பலர் முதல் கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். வண்டி பார்வைக்கு அத்தனை பெரியதாக இருக்கும்போது உள்ளே இடம் இல்லாமலா போகும் என்று எண்ணிவிடுவதே அதற்குக் காரணம்.

வெளியே நீளம், உள்ளே இடம்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கார்களை வகைப்படுத்தும்போது வெளிப்புற நீளத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. பயணிகள் அமரும் இடத்தின் கொள்ளளவையும் டிக்கியின் கொள்ளளவையும் கூட்டி, 120 கன அடியோ அதற்கு மேலோ வந்தால் அந்த செடானைப் பெரிய கார் என்றும், 110 முதல் 119 வரை வந்தால் நடுத்தரக் கார் என்றும் பிரிக்கிறது. இந்தக் கணக்கின்படி, நடுத்தரக் கார் என்றே எல்லோரும் கருதும் ஹோண்டா அக்கார்டின் 2018 மாடல் பெரிய கார்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது.

இது வெறும் வகைப்பாட்டு விந்தை அன்று. 2010 முதல் 2019 வரை விற்ற டாரஸின் நீளம் ஏறத்தாழ 203 அங்குலம். பின்னிருக்கையில் கால் நீட்டும் இடமாக அறிவிக்கப்பட்டிருப்பதோ 38.1 அங்குலம். அதைவிடப் பத்து அங்குலத்துக்கும் மேல் குட்டையான 2018 அக்கார்டில் அதே இடம் 40.4 அங்குலம். டாரஸின் தடித்த கதவுகளும், உயர்ந்து அகன்ற நடுக் கன்சோலும், முன்புறம் நீண்டு கிடக்கும் பானட்டும் அந்தக் கூடுதல் நீளத்தைத் தின்றுவிடுகின்றன. மறுபக்கத்தில், 2019 அவலான் 196 அங்குல நீளத்திலேயே பின்னால் 40.3 அங்குலம் தருகிறது. ஆக, விளம்பரத்தில் முழு அளவு என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பவர், உலோகத்தின் நீளத்துக்கு விலை கொடுத்துவிட்டு இடத்தை இழக்கக்கூடும்.

அறிவிக்கப்பட்ட எண்களையும் முழுவதும் நம்பிவிட வேண்டாம். பின்னால் கால் வைக்கும் இடம் என்பது முன்னிருக்கை எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். அதனால் வீட்டில் மிக உயரமானவர் முதலில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து தமக்கு ஏற்றபடி அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பிறகு அவரோ அவரளவு உயரமுள்ள இன்னொருவரோ அதன் பின்னால் போய் அமர வேண்டும். முழங்காலுக்கும் முன்னிருக்கையின் முதுகுக்கும் இடையே எத்தனை விரல் இடைவெளி இருக்கிறது, பாதத்தை முன்னிருக்கையின் அடியில் நுழைக்க முடிகிறதா, தொடை இருக்கையில் முழுவதும் படிகிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் எளிதில் தவறவிடுவார்கள். சரிந்திறங்கும் கூரைக்காக இருக்கையைத் தாழ்த்தி வைத்திருக்கும் கார்களில் முழங்கால் மேலெழுந்து, உடலின் எடை முழுவதும் இடுப்பில் இறங்கும். பத்து நிமிடத்தில் அது தெரியாது. நான்கு மணி நேரப் பயணத்தில் நன்றாகத் தெரியும்.

வீட்டில் முதியவர்கள் இருந்தால் அவர்களை அழைத்துச் சென்று ஏறி இறங்கச் சொல்ல வேண்டும். அவர்களுக்காக நாமே ஊகித்துக்கொள்வது சரிவராது. கதவு எவ்வளவு அகலத் திறக்கிறது, தலையைக் குனியாமல் நுழைய முடிகிறதா, இறங்கும்போது பிடித்து எழுவதற்குக் கூரையில் கைப்பிடி இருக்கிறதா, அடிப்படியின் விளிம்பு காலை இடறுகிறதா என்பவையெல்லாம் அப்போதுதான் புலப்படும். செடானின் இருக்கை தாழ்வானது. முழங்கால் வலி உள்ளவருக்கு அமர்வது எளிது, எழுவது கடினம். இந்த ஒரு விஷயத்தில் எஸ்யூவி முந்திக்கொள்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பழைய கிரவுன் விக்டோரியாவும் அதன் உடன்பிறப்பான மெர்குரி கிராண்ட் மார்க்விஸும் நிமிர்ந்த கூரையும் அகன்ற கதவும் கொண்டவை என்பதால் பின்னால் வந்த வளைகூரைக் கார்களைவிட இதில் மேலானவை.

பின்னிருக்கையின் நடுவிடம் தனியே கவனிக்கத் தக்கது. பின்சக்கர இயக்கம் கொண்ட கிறைஸ்லர் 300, கிரவுன் விக்டோரியா போன்றவற்றில் இயக்கத்தண்டு செல்வதற்காகத் தரையின் நடுவே உயர்ந்த மேடு ஒன்று ஓடும். நடுவில் அமர்பவர் அதன் இருபுறமும் கால்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். முன்சக்கர இயக்கம் கொண்ட அவலான், இம்பாலா ஆகியவற்றில் தரை ஏறக்குறைய தட்டையாக இருக்கும். அன்றாடம் ஐந்து பேர் செல்லும் குடும்பமானால், மற்ற எல்லா ஒப்பீடுகளையும்விட இந்த ஒன்றே தேர்வை முடித்துவைக்கப் போதுமானது என்பது என் கருத்து.

குழந்தை இருக்கைகள் பொருத்துவதாக இருந்தால் அவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 2002 செப்டம்பர் முதல் தயாரான கார்களில் குழந்தை இருக்கைக்கான கீழ்க்கொக்கிகள் கட்டாயம் இருக்கும். ஆனால் அவை பெரும்பாலும் இரு ஓரங்களில் மட்டுமே இருக்கும், நடுவில் சீட் பெல்ட்டால்தான் கட்ட வேண்டியிருக்கும். கார் எவ்வளவு அகலமாயிருந்தாலும் மூன்று குழந்தை இருக்கைகள் பக்கத்தில் பக்கத்தில் அமையுமா என்பதை, அந்த இருக்கைகளையே வைத்துப் பார்த்தாலன்றிச் சொல்ல முடியாது. பின்னோக்கிய இருக்கையை வைத்தபின் முன்பயணியின் கால் எங்கே போகிறது என்றும் பாருங்கள்.

முன்புறம் மூவர் அமரும் நீள்இருக்கையை விரும்பித் தேடுவோர் உண்டு. கிராண்ட் மார்க்விஸ், முதல் இரு தலைமுறை அவலான், 2013 வரையிலான இம்பாலா ஆகியவற்றில் அதை வாங்க முடிந்தது. நடுவில் அமர்பவருக்குப் பெரும்பாலும் இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கும் என்பதால், ஆறாவது இடத்தை அவசரத்துக்கு உதவுவதாக மட்டும் கருதலாம். அதை நம்பி வாங்குவது விவேகம் அன்று.

டிக்கியும் சுமையும்

கன அடிக் கணக்கில் கிரவுன் விக்டோரியாவின் டிக்கி 20.6, டாரஸின் டிக்கி 20.1, 2014-க்குப் பிந்தைய இம்பாலாவின் டிக்கி 18.8, கிறைஸ்லர் 300, அவலான் ஆகியவற்றின் டிக்கி ஏறத்தாழ 16. இந்த எண்கள் ஒரு தொடக்கமே. செடானில் உள்ளே இடம் இருந்தும் வாய் குறுகலாக இருப்பதுதான் வழக்கமான தொல்லை. பெரிய பெட்டி உள்ளே கொள்ளும், ஆனால் வாயில் நுழையாது. மூடியின் வளைந்த கீல்கள் மூடும்போது உள்ளிறங்கிப் பெட்டியை நசுக்குகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். நீங்கள் வழக்கமாக எடுத்துச் செல்லும் பெரிய பெட்டி, குழந்தைத் தள்ளுவண்டி, மடக்குச் சக்கர நாற்காலி ஆகியவற்றில் எது உங்களுக்கு உரியதோ அதை விற்பவரின் முன்னிலையிலேயே ஏற்றி இறக்கிப் பாருங்கள். பின்னிருக்கையின் முதுகு மடங்குகிறதா, அல்லது நடுவில் சிறு திறப்பு மட்டும்தானா என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். ஸ்டெப்னி முழு அளவா, தற்காலிகச் சிறு டயரா, அல்லது டயரே இல்லாமல் பஞ்சர் அடைக்கும் கருவி மட்டும் வைக்கப்பட்டிருக்கிறதா என்பது அங்கே தெரியும். ஸ்டெப்னிக் குழியில் நீர் தேங்கிய கறையோ துருவோ இருந்தால், பின்விளக்குகளின் ரப்பர் விளிம்பு வழியாகவோ பின்கண்ணாடி வழியாகவோ நீர் கசிந்திருக்கலாம். அல்லது பின்புறம் அடிபட்டுச் சரிசெய்யப்பட்டிருக்கலாம். கிறைஸ்லர் 300-இன் பேட்டரி டிக்கியில்தான் இருக்கிறது என்பதால் அங்கே ஈரம் இருந்தால் மின்கோளாறுகளையும் எதிர்பார்க்க வேண்டும்.

இடத்தைப் பார்ப்பவர்கள் எடையைப் பார்ப்பதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் நடுத்தூணில் டயர் அழுத்தம் எழுதிய ஒட்டுத்தாள் இருக்கும். 2000-களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய கார்களில், பயணிகளும் சரக்கும் சேர்ந்து தாண்டக்கூடாத மொத்த எடையும் அதிலேயே பவுண்டில் அச்சிடப்பட்டிருக்கும். அது 900 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 170 பவுண்டு வீதம் ஐந்து பெரியவர்கள் ஏறினால் 850 ஆகிவிடும். டிக்கிக்கு மிஞ்சுவது 50 பவுண்டு. இருபது கன அடி டிக்கியை நிரப்பிக்கொண்டு ஐந்து பேரும் நெடுந்தூரம் செல்லலாம் என்ற கணக்கு அங்கே உடைந்துபோகிறது. அந்த ஒட்டுத்தாளைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு வீட்டில் அமர்ந்து கூட்டிப் பார்ப்பது நல்லது.

வீட்டுக் கராஜின் ஆழத்தையும் இதோடு அளந்துவிடுங்கள். 20 அடி ஆழமுள்ள கராஜில் 212 அங்குலக் கிரவுன் விக்டோரியாவை நிறுத்தினால் முன்னும் பின்னும் சேர்த்து எஞ்சுவது 28 அங்குலம். சுவரோரம் ஓர் அலமாரி இருந்தால் கராஜ் கதவு மூடாமல் போகலாம்.

எந்த ஆண்டு மாடல்

பாதுகாப்புச் சாதனங்கள் பல, சட்டத்தால் ஒவ்வொன்றாகக் கட்டாயமாக்கப்பட்டவை. வழுக்கும்போது வண்டியை நேர்படுத்தும் மின்னணு நிலைக் கட்டுப்பாடு 2012 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் இருக்கும். அதற்கு முந்தைய எல்லாவற்றிலும் அது இருந்ததில்லை; சிலவற்றில் கூடுதல் விலைக்கே கிடைத்தது. டயர் அழுத்த எச்சரிக்கை 2008 மாடல் முதல் கட்டாயம். பின்புறக் கேமரா 2018 மே முதல் கட்டாயம். பின்கண்ணாடி சிறுத்து, தூண்கள் தடித்த டாரஸ் போன்ற காரில் கேமரா இல்லாமல் பின்னோக்கி ஓட்டுவது நாள்தோறும் ஒரு சோதனை. அத்துடன் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு (IIHS), வண்டியின் முன்மூலை மட்டும் மோதும் சோதனையை 2012-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் வடிவமைக்கப்பட்ட காரின் மோதல் மதிப்பீடுகளை இன்றைய மதிப்பீடுகளோடு ஒப்பிட முடியாது. குழந்தைகளை ஏற்றிச் செல்லும் குடும்பக் கார் என்றால் 2012-க்கு முந்தைய மாடலை, விலை எவ்வளவு மலிவானாலும், நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். வயது முதிர்ந்த இருவர் ஊருக்குள் மட்டும் ஓட்டுவதற்கென்றால் அந்தக் கண்டிப்பைச் சற்றுத் தளர்த்தலாம்.

எரிபொருள் செலவில் இந்த வகைக்குள்ளேயே பெரிய வேறுபாடு உண்டு. ஆறு சிலிண்டர் இம்பாலாவும் டாரஸும் கிறைஸ்லர் 300-உம் நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து ஒரு கேலனுக்கு 21 முதல் 23 மைல் தருபவை. ஆறு சிலிண்டர் 2019 அவலான் 26 தரும். அதன் ஹைபிரிட் வடிவம் 43 அல்லது 44 தரும். ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டுபவருக்கு 22 மைல் தரும் வண்டி ஏறத்தாழ 545 கேலன் குடிக்கும். 44 தரும் வண்டி அதில் பாதி. உங்கள் ஊர் பெட்ரோல் விலையால் அந்த வேறுபாட்டைப் பெருக்கி, எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்பதோடு சேர்த்துப் பார்த்தால், ஹைபிரிட்டுக்குக் கேட்கும் கூடுதல் விலை நியாயமா என்பது விளங்கும். ஹைபிரிட் பேட்டரிக்கு 2020 மாடல் முதல் டொயோட்டா 10 ஆண்டு அல்லது 150,000 மைல் வாரண்டி தந்தது. அதற்கு முன் 8 ஆண்டு அல்லது 100,000 மைல். எஞ்சியிருக்கும் காலத்தையும் மைலையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

எஞ்சினைத் தெரிந்துகொண்டு போங்கள்

ஒவ்வொரு மாடலுக்கும் மெக்கானிக்குகள் அறிந்த ஒரு பலவீனம் இருக்கும். அதை முன்கூட்டியே அறிந்து செல்பவர் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவார்.

டாரஸின் 3.5 லிட்டர் வி6 எஞ்சினில் தண்ணீர் பம்ப் எஞ்சினுக்குள்ளேயே, டைமிங் சங்கிலியால் சுழலும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. வெளியே இருக்கும் பம்ப் கசிந்தால் தரையில் சொட்டும். உள்ளே இருப்பது கசிந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஆயிலோடு கலந்து எஞ்சினையே அழித்துவிடக்கூடும். மாற்றுவதற்கும் எஞ்சினின் முன்பகுதியைப் பிரிக்க வேண்டியிருப்பதால் கூலி மிக அதிகம். ஒரு லட்சம் மைலைத் தாண்டிய டாரஸைப் பார்க்கும்போது கூலன்ட் தொட்டியின் மட்டம் குறைந்திருக்கிறதா, ஆயில் அளவுகோலில் பாலைப் போல் வெளுத்த கலவை தெரிகிறதா என்று பார்ப்பதோடு, பம்ப் மாற்றிய ரசீது இருக்கிறதா என்றும் கேளுங்கள். ரசீது இருந்தால் அந்த வண்டிக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை.

கிறைஸ்லர் 300-இன் தொடக்க ஆண்டுகளில் வந்த 2.7 லிட்டர் எஞ்சின், ஆயில் கெட்டியாகிக் கசடாவதற்குப் பெயர் போனது. அதை ஒதுக்கிவிடுவதே மேல். 2011-இல் வந்த 3.6 லிட்டர் பென்டாஸ்டார் பெரிதும் மேம்பட்டது என்றாலும், முதல் சில ஆண்டுகளில் இடப்புறச் சிலிண்டர் ஹெட்டில் கோளாறு இருந்ததால் அந்தப் பகுதிக்கு வாரண்டி நீட்டிக்கப்பட்டது. எஞ்சின் சூடானபின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் டிக், டிக் என்ற ஒலி விடாமல் வந்தால் வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்ம் தேய்ந்திருக்கலாம். 5.7 லிட்டர் ஹெமி வி8 ஓட்டுவதற்கு இன்பமானது; சுமை குறைந்தபோது சில சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் அதன் ஏற்பாட்டோடு தொடர்புடைய லிஃப்டர்கள் தேய்ந்தால், அவற்றைத் தள்ளி வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டும் கூடவே போகும்.

கிரவுன் விக்டோரியாவின் 4.6 லிட்டர் வி8 நெடுங்காலம் உழைப்பது; டாக்ஸிகளிலும் போலீஸ் வண்டிகளிலும் அதை ஓட்டித் தேய்த்தவர்களே அதற்குச் சாட்சி. ஆனால் 1996 முதல் 2001 வரையிலான பல வண்டிகளில் முழுவதும் பிளாஸ்டிக்காலான இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் பாகம்) விரிசல் விட்டுக் கூலன்ட் கசிந்தது. இந்த மாடலில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, வண்டி போலீஸ் துறையிலிருந்து வந்ததா என்பது. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே உள்ள அடையாள எண்ணான வின் எண்ணின் நடுவே பி71 (P71) என்று இருந்தாலோ, முன்தூணில் ஒளிவிளக்குப் பொருத்திய துளையை அடைத்த தடயம் இருந்தாலோ அது போலீஸ் வண்டி. அவை மணிக்கணக்கில் நின்றபடியே எஞ்சின் ஓடியவை. அந்தத் தேய்மானம் ஓடோமீட்டரில் ஏறுவதில்லை. சில கிராண்ட் மார்க்விஸ் கார்களின் பின்புறம் காற்றுப் பை சஸ்பென்ஷன் இருக்கும். இரவு முழுவதும் நின்ற வண்டியின் பின்பகுதி தாழ்ந்து கிடந்தால் பை கசிகிறது என்று பொருள்.

அவலானில் 1995 முதல் 2004 வரை இருந்த 3.0 லிட்டர் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் உண்டு. 90,000 மைலுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். 2005 முதல் வந்த 3.5 லிட்டர் எஞ்சினுக்குச் சங்கிலி என்பதால் அந்தச் செலவு இல்லை. ஆனால் அதன் தொடக்க ஆண்டுகளில் வால்வு நேரக் கட்டுப்பாட்டுக்கு ஆயில் செல்லும் குழாயின் ரப்பர்ப் பகுதி வெடித்து ஆயில் கொட்டிய நிகழ்வுகள் உண்டு. உலோகக் குழாயாக மாற்றப்பட்டிருக்கிறதா என்று மெக்கானிக் பார்த்துச் சொல்லிவிடுவார். புயிக் லெசேபரின் 3.8 லிட்டர் வி6-இலும் எஞ்சின் வலுவானது, அதன் மேலிருக்கும் பிளாஸ்டிக் மேனிஃபோல்டும் கூலன்ட் முழங்கைக் குழாய்களும்தான் மெலிந்தவை.

உற்பத்தி நின்ற கார் என்றால் உதிரிப்பாகம் கிடைக்குமா என்ற கேள்வி இயல்பானது. எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் பாகங்கள் வேறு மாடல்களோடு பொதுவாக இருப்பதால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. முகப்பு விளக்கு, பம்பர், உட்புற அலங்காரப் பாகங்கள் போன்றவை அந்த மாடலுக்கே உரியவை. குறைவாக விற்ற ஹூண்டாய் அசேரா, கியா கடென்சா போன்றவற்றில் இவற்றுக்காகக் காத்திருக்க நேரலாம். அவற்றை வாங்கக் கூடாது என்பதில்லை. உடைந்த விளக்குள்ள வண்டியை மட்டும் மலிவு என்று வாங்கிவிட வேண்டாம்.

குளிர்ந்த எஞ்சினும் ஓட்டிப் பார்த்தலும்

நீங்கள் வரும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள், மனம் ஒப்பாவிட்டால் வேறு நாள் வாருங்கள். குளிர்ந்த எஞ்சினை இயக்கும் முதல் சில நொடிகளில்தான் சங்கிலித் தளர்ச்சியின் கடகட ஒலியும், வால்வு சீலின் தேய்வைக் காட்டும் நீலப் புகையும் வெளிப்படும். சூடான பின் இரண்டும் மறைந்துவிடும்.

ஓட்டும்போது வீட்டார் பின்னால் அமர்ந்திருக்கட்டும். தனியாக ஓட்டினால் நன்றாகத் தோன்றும் சஸ்பென்ஷன், நான்கு பேர் ஏறியதும் வேகத்தடையில் அடி தட்டுவது பழைய பெரிய செடான்களில் வழக்கம். மணிக்கு 40 முதல் 50 மைல் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை மிக இலேசாக அழுத்தியபடி செல்லும்போது, கோடு போட்ட சாலையில் போவதைப் போன்ற மெல்லிய நடுக்கம் தோன்றினால் அது பெரும்பாலும் எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் கோளாறு. நிறுத்திவிட்டு ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது தாமதமோ பலத்த இடியோ இருந்தால் டிரான்ஸ்மிஷனில் செலவு காத்திருக்கிறது. நெடுஞ்சாலையில் ரேடியோவை அணைத்துவிட்டுச் சக்கர பேரிங்கின் முனகலைக் கேளுங்கள். வளைவில் ஒலி கூடினால் அல்லது குறைந்தால் ஐயம் உறுதியாகும். இந்த வகைக் காரின் சிறப்பே அமைதியான பயணம்தான். அந்த அமைதி இல்லாத ஒரு முழு அளவு செடானை எதற்காக வாங்க வேண்டும் என்று அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

முதியவர் ஒருவரே வைத்திருந்த, மிகக் குறைவாக ஓடிய வண்டி என்று விளம்பரம் செய்யப்படுபவை இந்த வகையில் ஏராளம். அவற்றில் பல உண்மையிலேயே நல்ல வண்டிகள். ஆனால் குறைந்த மைல் என்பதே நல்ல நிலை ஆகிவிடாது. கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாகச் சில மைல் மட்டுமே ஓடிய எஞ்சின் முழுவதும் சூடாகாமலே நிற்பதால் ஆயிலில் ஈரம் சேரும்; ரப்பர் குழாய்களும் சீல்களும் காய்ந்துபோகும். டயரில் பூ தேயாமல் இருந்தாலும் அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2315 என்றிருந்தால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர். அது பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும்.

பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் மாநிலங்களிலிருந்து வந்த வண்டியாயின் அடிப்பகுதியை லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பது கட்டாயம். பிரேக் குழாய்களும், கிரவுன் விக்டோரியா போன்ற தனிச் சட்டகம் கொண்ட கார்களில் அந்தச் சட்டகமும் துருவுக்கு இரையாகின்றன. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதை அறிய எல்லா சீட் பெல்ட்டுகளையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். இருக்கையைக் கழுவித் துடைப்பவர்கள் பெல்ட்டின் உள்முனையில் படிந்த சேற்றுக்கோட்டை மறந்துவிடுவார்கள்.

பிறகு விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் பணம் கொடுத்துச் சோதிக்கச் செய்யுங்கள். அதற்கு மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. 1996 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் உள்ள ஓபிடி (காரின் கணினியைப் படிக்க உதவும்) இணைப்பில் கருவியைப் பொருத்தினால் பிழைக் குறியீடுகளோடு, கார் தானே செய்துகொள்ளும் தன்சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்பதும் தெரியும். விளக்கு எதுவும் எரியவில்லை, ஆனால் தன்சோதனைகள் பல முடியாமல் இருக்கின்றன என்றால், உங்களுக்குக் காட்டுவதற்குச் சற்று முன்புதான் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம்.

தாள்கள்

வின் எண்ணின் 17 எழுத்துகளையும் குறித்துக்கொண்டு, தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் இட்டால், நிறைவேற்றப்படாத ரீகால் (குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் வண்டியைத் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்பது இலவசமாகத் தெரியும். பயன்படுத்திய காரை ரீகால் நிலுவையில் இருக்கும்போதே விற்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கவில்லை. ஆகவே பார்ப்பது உங்கள் பொறுப்பு. இந்த வகையில் இரண்டை மறக்கக் கூடாது. டகாட்டா ஏர்பேக் ரீகாலில் கிறைஸ்லர் 300 உள்ளது; 2005 முதல் 2010 வரையிலான மாடல்களைச் சரிசெய்யும்வரை ஓட்டவே வேண்டாம் என்று 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 2006 முதல் 2014 வரையிலான பழைய வடிவ இம்பாலாவும் புயிக் லூசெர்னும் 2014-இல் சாவி தொடர்பாகத் திரும்ப அழைக்கப்பட்டன. கனமான சாவிக்கொத்தின் ஆட்டத்தில் சுவிட்ச் திரும்பி எஞ்சின் நின்றுவிடக்கூடும் என்பதால், சாவியின் தலையில் இருந்த நீள்துளையைச் சிறு வட்டத்துளையாக மாற்றிக் கொடுத்தார்கள். கையில் தரப்படும் சாவியைப் பார்த்தாலே மாற்றியதா இல்லையா என்பது தெரியும்.

வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் சால்வேஜ் (பெருஞ்சேதமடைந்தது) என்ற முத்திரை இருக்கிறதா, விற்பவரின் பெயரும் டைட்டிலில் உள்ள பெயரும் ஒன்றா என்பதை அசல் தாளில் பார்க்க வேண்டும். தேசிய மோட்டார் வாகன உரிமைத் தகவல் அமைப்பின் அறிக்கையைச் சிறு கட்டணத்தில் பெறலாம். வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் முத்திரையை மறைத்த வண்டிகளை அது காட்டிக்கொடுக்க வாய்ப்புண்டு.

டீலரிடம் வாங்கினால், கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதிப்படி வண்டியின் கண்ணாடியில் வாங்குவோர் வழிகாட்டி என்ற தாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்; சொந்த விதிகளுள்ள மெய்ன், விஸ்கான்சின் ஆகிய மாநிலங்கள் மட்டும் இதற்கு விலக்கு. உள்ளது உள்ளபடியே விற்பனையா, வாரண்டி உண்டா, உண்டென்றால் பழுதுச் செலவில் டீலரின் பங்கு எத்தனை சதவீதம் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். விற்பனையாளர் வாயால் சொன்ன எதுவும் அந்தத் தாளிலோ ஒப்பந்தத்திலோ எழுதப்படாவிட்டால் பின்னால் அதைக் கேட்டு வாங்குவது மிகக் கடினம். மூன்று நாளுக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். டீலரின் இடத்தில் வாங்கிய காருக்கு அப்படியொரு கூட்டாட்சி உரிமை கிடையாது. தனிநபரிடம் வாங்கினால் இந்தத் தாளும் இராது.

விலை பேசும்போது இதுவரை குறித்துவைத்த செலவுகளை வரிசையாக விற்பவர் முன் வையுங்கள்: டயர், பிரேக், தண்ணீர் பம்ப், டிரான்ஸ்மிஷன் ஆயில், எதுவானாலும் மெக்கானிக் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டோடு. செடானுக்கு அடுத்த வாங்குபவர் உடனே வரப்போவதில்லை என்பது விற்பவருக்கும் தெரியும். ஆனால் பின்னிருக்கையில் உங்கள் வீட்டார் சிரமப்பட்ட வண்டிக்கு எந்தத் தள்ளுபடியையும் கேட்காதீர்கள். பழுதுகளைப் பணம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம், கால் வைக்க இல்லாத இடத்தை எந்த மெக்கானிக்காலும் உண்டாக்கித் தர முடியாது.